குரும்பலூருக்குக் கிழக்கே கிடந்த கடலும் அதன் நுண்ணுயிர்களும்

குரும்பலூரில் வாழ்வோன் ஒருவன் கடலைக் காண விழைவானாயின், கிழக்கு நோக்கி நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட வழிச்செல்லுதல் வேண்டும். மேற்கே பச்சைமலை நீலநிறம் காட்டி நிற்கின்றது. சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் பெரும்பாலும் மழையை நம்பி விளைகின்றன. கிணறு தோண்டுவோர் எதிர்ப்படுவது கருங்கற்பாறையே. இத்தகைய ஊரையும் கடலையும் ஒருங்கு வைத்து எழுதப் புகுந்த எம்மைக் கண்டு நகைப்பாரும் உளராகலாம். ஆயினும், பெரம்பலூரைக் கடந்து கிழக்கும் தென்கிழக்கும் சிறிது தொலைவு சென்ற அளவிலேயே கருங்கல் மறைந்து, களிமண்ணும் மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் தோன்றுகின்றன. ஆங்கு உழவனது கொழுமுனையில் கடற்சிப்பி புரள்கின்றது. கல் மாறும் அவ்விடத்தை ஒட்டியே பண்டைக் கடலின் கரை கிடந்தது. 10 கோடி ஆண்டுகட்கு முன்னர்க் குரும்பலூர்ப் பாறை மேட்டினின்றும் புறப்படும் ஒருவன், ஒரு பகற்பொழுதில் நெய்தல் நிலத்தை அடைந்திருத்தல் கூடும். புறப்படுதற்கு மாந்தர்தாம் அன்று உலகில் இலர்.

இக்கடலைக் கடல்கோள்களோடு இணைத்துப் பேசுவோர் நம் நண்பருள் சிலர் உளர். அது பொருந்தாது. கடல்கோள் பற்றிய வரலாறுகள் மாந்தர் நினைவில் நின்று வழங்குவன. யாம் கூறும் கடலோ, மாந்தர் தோன்றுதற்குப் பல கோடி ஆண்டு முன்னரே வந்து, நின்று, வற்றிப் போயது. இத்துணை நெடிய காலக்கணக்கு மறைநூலின் படைப்பு வரலாற்றொடு பொருந்துமோ என ஐயுறுவார்க்கு, பாறை கூறுவதைப் பாறையினிடத்தும் மறை கூறுவதை மறையினிடத்தும் கேட்டலே தக்கது என்னும் அளவில் அமைகின்றோம்.

இந்நிலத்தின் சிப்பிகளைத் திரட்டி முதற்கண் மேனாட்டார்க்குக் காட்டியோர் கே, கன்லிஃப் என்னும் இருவர். அவற்றை ஆராய்ந்து எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் நூல் வெளியிட்டார். பின்னர் எச். எஃப். பிளான்போர்டு என்பார் ஊர் ஊராக நடந்து பாறைகளைப் பகுத்து, ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி எனப் பெயரிட்டு, 1862இல் எழுதினார். அவர் இட்ட பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. (பண்டைக் கடலை அளந்த இவரே, 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்ட காலை அதன் தலைமையும் ஏற்றார்.) மொராவிய நாட்டுப் பெர்டினாண்டு ஸ்டோலிச்கா இங்குக் கிடைத்த சங்கு சிப்பி முதலியவற்றைப் பெருநூல்களாக விரித்தெழுதினார். 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் சாத்தனூரில் 18 மீட்டர் அளவு நீண்ட கல்லான மரத்தைக் கண்டறிந்தார். இவையெல்லாம் கண்ணாற் காணத்தக்க பெரும்பொருள்கள் ஆதலின் பலரும் அறிந்தவை. இக்கட்டுரையில் யாம் சொல்ல எடுத்துக்கொண்டது, அக்கடலில் கண்ணுக்குப் புலனாகாது வாழ்ந்த சிற்றுயிர்களைப் பற்றியது. அதனினும் சிறப்பாக, ஓரிடத்து நுண்ணுயிர்க் கூட்டம் இன்ன தன்மைத்தாக அமைதற்கு அவ்விடத்தின் பழைய நிலைமைகள் எவ்வாறு காரணமாகின்றன என்பது.

சங்கீதக்காரன் தனது நூற்று நான்காம் சங்கீதத்தில், பெரிதும் விரிவுமான கடலில் எண்ணிறந்த சிற்றுயிர்களும் உளவென்று வியந்தான். அவன் எண்ணிய சிறுமை கண்ணுக்கு எட்டிய சிறுமையேயாம். இன்று கடல்நீரை ஒரு மில்லிலிட்டர் எடுத்து நோக்குவார், அதனுள் பாக்டீரியாக்கள் மட்டும் ஏறத்தாழப் பத்து இலட்சம் இருத்தலைக் காண்கின்றனர். இவற்றினும் சற்றுப் பெரிய உயிர்கள், ஓரணு உடம்பின ஆயினும் சுண்ணாம்பால் வீடு கட்டுவன. அவற்றுள் ஃபொராமினிஃபெரா என்பன தலையாயவை. ஒரு மணலளவிற்கும் சிறிய ஓட்டினுள் அறை மேல் அறையாகக் கட்டி, ஓட்டின் துளைகள் வழியே நூல்போன்ற கால்களை நீட்டி இரை பற்றுவன. சில நீரில் மிதந்து வாழும்; சில அடிச்சேற்றில் ஊர்ந்து வாழும். காக்கோலித்தோஃபோர் என்பன இவற்றினும் மிக நுண்ணிய பாசியினம். தம் உடலைச் சுண்ணாம்புத் தகடுகளாற் போர்த்துக்கொள்வன. இவை மடியுங்கால் ஓடுகள் அடியில் வீழ்ந்து படிகின்றன. காரை என்னும் ஊரையடுத்த களிமண் ஓடைகளில் ஒரு பிடி மண்ணை எடுத்து நீரில் ஊறவைத்து, மெல்லிய சல்லடையில் அலசி, எஞ்சியதை உலர்த்தி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், பல கோடி ஆண்டுகட்கு முற்பட்ட இவ்வோடுகளைக் காணலாம். 1960களில் நம் நாட்டு நிலநூலார் இவ்வோடுகளைக் கொண்டே இப்பாறைகளின் கால அடுக்கினை வரையறுத்தனர்.

ஓடில்லாத பாக்டீரியாக்கள் யாதொரு சுவடுமின்றி மறைந்தனவோ எனின், அற்றன்று. 2020ஆம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் குளத்து வண்டலை அள்ளிய காலை, முட்டை வடிவினவாகிய பெருங்கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்ற செய்தி நாடெங்கும் பரவிற்று. நிலநூலார் சென்று நோக்கி, அவை முட்டையல்ல, அம்மோனைட்டு முதலிய கடலுயிரைச் சுற்றித் திரண்ட கல் உருண்டைகள் என்றனர். அச்செய்தி கேட்டுப் பலரும் ஏமாற்றமுற்றனர். எமக்கோ முட்டையினும் உருண்டையே வியப்பைத் தருகின்றது. ஒரு கடலுயிர் இறந்து சேற்றிற் புதைகின்றது. அதனை அழுகச் செய்யும் பாக்டீரியாக்கள் அண்மையிலுள்ள பிராணவாயுவை விரைவிற் செலவிட்டுவிடுகின்றன. அதன்பின் அவ்வாயு வேண்டாத வேறு பாக்டீரியாக்கள் தலைப்பட்டு, கடல்நீரில் கரைந்துள்ள சல்பேட்டினைக் கொண்டு உயிர்க்கின்றன. அவ்வினையால் ஒருபால் அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைடிரஜன் சல்பைடும், ஒருபால் பைகார்பனேட்டும் பிறக்கின்றன. பைகார்பனேட்டு நீரிலுள்ள கால்சியத்தொடு கூடிச் சுண்ணமாகி, மண் துகள்களைப் பசைபோற் பிணித்து உருண்டையாக்குகின்றது. எனவே, அக்கற்கள் நுண்ணுயிர் கட்டிய கல்லறைகள் என்பது மிகையன்று. அங்ஙனம் பிறந்த சல்பைடு இரும்பொடு சேர்ந்து பைரைட்டு ஆகும். பின்னாளில் அது காற்றும் மழையும் பட்டுச் சிதைய, அமிலம் தோன்றிச் சுண்ணாம்பு ஓடுகளைத் தாக்க, ஜிப்சம் விளையும். இத்தகைய களிமண்ணில் ஜிப்சம் தோன்றும் வழிகளுள் இஃது ஒன்று. காரை ஓடைகளில் வெயிலில் மின்னும் ஜிப்சத் தகடுகளைப் பார்த்தோர் இதனை நினைவு கூர்க.

இனி வினாவிற்கு வருவோம். ஒரு நீர்நிலையில் இன்ன நுண்ணுயிர் வாழும், இன்னது வாழாது என்பதை முடிவு செய்வது எது? 1934இல் பாஸ் பெக்கிங் என்னும் டச்சு அறிஞர் ஒரு விடை கூறினார். நுண்ணுயிர்கள் மிகச் சிறியன ஆதலின் காற்றாலும் நீராலும் எவ்விடத்தும் பரவியுள்ளன. அவற்றுள் எது தழைப்பது என்பதை அவ்விடத்துச் சூழ்நிலையே தெரிந்துகொள்கின்றது என்பது அவர் கருத்து. இது மெய்யாயின், ஓரிடத்தின் இன்றைய வெப்பம், உப்பு, வாயு, உணவு என்பவற்றை அளந்த அளவில் அங்குள்ள நுண்ணுயிர்களை முற்றக் கூறிவிடலாம். பழமை அறிய வேண்டுவதே இல்லை.

தமிழ் கற்கும் எமக்கு இவ்விடம் தொல்காப்பியனார் நினைவுக்கு வருகின்றார். அவர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வைத்து, மரம், விலங்கு, புள் முதலியவற்றைக் கருப்பொருள் என அவற்றின் பின் வைத்தார். நிலம் மாறக் கரு மாறும் என்பது பாஸ் பெக்கிங்கின் கொள்கைக்கு மிக அணுகியதே. ஆனால், பொழுது என்பதனை நாம் கார், கூதிர் எனவும், மாலை, யாமம் எனவும் நிகழ்பொழுதாகவே கொள்கின்றோம். கடல் நுண்ணுயிர் ஆராய்ச்சியோ, கழிந்த பொழுதும் ஒரு முதற்பொருளே எனக் காட்டுகின்றது. ஒரே வெப்பமும் ஒரே உப்பும் உடைய இரு கடற்பரப்புக்களில் வெவ்வேறு கூட்டங்கள் வாழ்தல் உண்டு. அவ்வேறுபாட்டிற்குக் காரணத்தை இன்றைய நீரில் தேடிப் பயனில்லை.

பழமை எவ்வழியாக நிகழ்காலத்தைத் தொடுகின்றது என்பதற்கு ஆராய்ச்சியாளர் கண்ட வழிகள் சில. அவற்றுள் எம் மனத்தை மிகவும் கவர்ந்தது உறக்கம். நுண்ணுயிர் பலவும் தமக்கு ஒவ்வாக் காலம் வரின் மடிவதில்லை. உடம்பின் தொழிலை ஒடுக்கிக் கிடக்கின்றன. நம் உழவர் அடுத்த மழைக்கென விதையைக் குதிருட் காப்பது போலக் கடலின் அடிச்சேறும் விதை காக்கின்றது. 2009இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதற்குச் சான்று. வடதுருவத்தை அடுத்த ஸ்வால்பார்டு தீவுகளின் கடற்சேறு பனியை ஒத்த குளிர்ச்சியது. அதனை எடுத்து 50 பாகை வரை சூடேற்றிய பொழுது, வெப்பத்தில் மட்டும் வாழும் பாக்டீரியாக்கள் உறங்குவித்துக்களினின்றும் விழித்தெழுந்து பெருகின. அக்குளிர்க் கடல் தன் நாளில் ஒருகாலும் அவற்றை வளர்த்திராது. எங்கோ வெம்மை மிக்க பூமியின் உட்பகுதியிற் பிறந்து நீரோடு வந்து வீழ்ந்த வித்துக்கள் அவை என்று அவர் கருதினர். ஸ்வீடன் நாட்டுக் கழியொன்றில் ஏறத்தாழ நூறாண்டு புதைந்து கிடந்த டைனோஃபிளாஜெலேட்டு என்னும் பாசியின் வித்துக்களை முளைக்கச் செய்ததனை 2011இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி கூறுகின்றது.

நூறாண்டு பெரிதன்று என்பார்க்கு இன்னொன்று கூறுவோம். தென் பசிபிக் பெருங்கடலின் நடுவே நீரில் உணவு மிக அருகிய பரப்பு ஒன்று உண்டு. அங்கு அடியில் மண் படிவது பத்து இலட்சம் ஆண்டிற்கு ஒன்றிரண்டு மீட்டர் அளவே. 2010இல் கப்பலிற் சென்றோர் அங்குக் கடலடியைத் துளைத்து, 10 கோடியே 15 இலட்சம் ஆண்டு முதுமையுடைய களிமண் வரை எடுத்தனர். ஜப்பானிய அறிஞர் யூக்கி மொரோனோவும் அவர் குழுவினரும் அக்களிமண்ணுக்கு உணவு ஊட்டிக் காத்திருந்தனர். அதனுள் அடைபட்டுக் கிடந்த நுண்ணுயிர்களிற் பெரும்பாலன உணவை ஏற்று, 68 நாட்களுக்குள் பன்மடங்கு பெருகின. இச்செய்தி 2020இல் வெளியாயிற்று. அக்களிமண் பசிபிக்கில் படிந்த காலம், நமது காரைக் களிமண்ணின் கீழ்ப்படைகள் படிந்த காலத்தை ஒட்டியதே. இரண்டும் ஏறத்தாழ ஒரு காலத்துச் சேறுகள். ஒன்று கடலை விட்டு நீங்காது குளிர்ந்து கிடந்தது. மற்றொன்று நிலமாக உயர்ந்து, வெயிலில் வெடித்து, மழையிற் கரைந்து ஓடையாயிற்று. ஆதலின், அங்கே உயிரும் இங்கே ஓடும் எஞ்சின.

இவ்வாராய்ச்சியில் ஊன்றி நோக்குதற்குரிய பகுதி பிறிதொன்று. விழித்தெழுந்தவை பிராணவாயுவைக் கொண்டு வாழ்வன. பத்துக் கோடி ஆண்டுச் சேற்றில் அவை எவ்வாறு எஞ்சின? அக்கடலில் உணவு அருமையாதலின் அடியில் வீழ்வது மிகச் சிறிது. அழுகுவதற்குப் பொருள் இன்மையால் பிராணவாயு செலவாகாது ஆழம் வரை நின்றது. கரையோரத்துச் செழுங்கடலில் நிகழ்வது இதற்கு மறுதலை. அங்கு உணவு மிகுதி, அழுகல் மிகுதி, சேற்றில் சில விரற்கடைக்குக் கீழ்ப் பிராணவாயு இராது, ஆகவே சல்பேட்டாற் பிழைப்பனவே கூட்டமாக எஞ்சும். சேறு படிந்த நாளில் மேலேயிருந்த நீர் செழிப்புடையதோ வறியதோ என்னும் ஒன்றே, கோடியாண்டு கழித்தும் அச்சேற்றின் குடிகள் இன்னார் என்பதை வரையறுக்கின்றது.

நமக்கு அண்மையிலுள்ள அரபிக் கடலிலும் இதனைக் கண்டிருக்கின்றனர். அக்கடலில் நீர்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 200 மீட்டர் முதல் 1,000 மீட்டர் வரை பிராணவாயு மிக அருகிய அடுக்கு ஒன்று பரந்து கிடக்கின்றது. உலகின் தட்பவெப்பம் மாறுந்தோறும் அவ்வடுக்கு வலுத்தும் மெலிந்தும் வந்துள்ளது. ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஆண்டு காலப் படிவினை எடுத்து, அதன் படைதோறும் உள்ள நுண்ணுயிர்களின் மரபுப்பொருளை ஆராய்ந்த முடிவு 2017இல் வெளியிடப்பட்டது. பிராணவாயு அற்ற காலத்தில் படிந்த படைகளில் ஒருவகைக் கூட்டமும், அஃது உற்ற காலத்தில் படிந்த படைகளில் வேறொருவகைக் கூட்டமும் தொடர்ந்து இருப்பதனை அதிற் காணலாம். மேலே கடல் எத்தனையோ முறை மாறியும், கீழே ஒவ்வொரு படையும் தன் பிறந்த நாளின் குணத்தைக் கைவிடவில்லை.

மற்றொரு வழி மரபு. ஓரிடத்திற்கு முன்னர் வந்து சேர்ந்தவர் யார், அழிவிற்குத் தப்பினோர் யார் என்பதைப் பொறுத்துப் பின்வருங் கூட்டம் அமைகின்றது. இதற்கு எடுத்துக்காட்டு வேற்று நாட்டில் தேட வேண்டுவதில்லை. நம் காரையினும் அரியலூரினும் உண்டு. ஊட்டத்தூர்த் தொகுதி படிந்த காலத்தில் மிதவை ஃபொராமினிஃபெராக்களுள் ரோட்டலிபோரா என்பது ஒன்று. அதன் ஓட்டின் விளிம்பில் தோணியின் அடிமரம் போன்ற வரம்பு ஒன்று ஓடும். 9 கோடியே 40 இலட்சம் ஆண்டளவில் உலகக் கடல்கள் ஒரு பெருங்கேட்டிற்கு உட்பட்டன. எரிமலைகள் வெளிவிட்ட வாயுவால் உலகம் வெம்மையுற்றது. கடலில் உணவுச்சத்து மிகுந்து, அழுகல் பெருகி, பல கடல்களில் பிராணவாயு குன்றியது. இந்நிலை பல இலட்சம் ஆண்டு நீடித்தது. அக்காலத்துச் சேறு பல நாடுகளில் கரிய படையாகக் காணப்படுகின்றது. அதனோடு ரோட்டலிபோராவின் குலம் அற்றது. காரைக் களிமண் இக்கேட்டின் இருமருங்கும் பரந்த காலத்தது ஆதலின், அடிப்படையினின்று மேல்நோக்கிச் செல்வோன் ஓர் எல்லைக்கு அப்பால் அவ்வோட்டினைக் காணான்.

பின்னர்ப் பிராணவாயு மீண்டது. பழைய சூழ்நிலை மீண்டதனால் பழைய உயிரும் மீண்டிருத்தல் வேண்டும் அன்றோ? மீளவில்லை. ஆனால் தப்பிப் பிழைத்த வேறு குலங்களில், அவ்வடிமர வரம்பு புதிதாகத் தோன்றியது. அரியலூர்த் தொகுதியின் காலத்தில் உலகக் கடல்களில் நிறைந்திருந்த குளோபோட்ரன்கானா அத்தகைய வரம்புடையது. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகட்கு முன்னர், மெக்சிகோ நாட்டுச் சிக்சுலுப் என்னும் இடத்தில் விண்கல் வீழ்ந்து உலகம் இருண்ட காலை, வரம்புடையன யாவும் மீண்டும் அழிந்தன. சிறியவும் எளியவுமாகிய மிகச் சிலவே எஞ்சின. அவற்றின் வழித்தோன்றல்களில் மூன்றாம் முறையாக வரம்பு பிறந்தது. இன்று வங்கக் கடலில் மிதந்து வாழும் குளோபோரோட்டாலியா மெனார்டி வரம்புடைய அழகிய ஓட்டினது. அதனை அரியலூர்ப் பாறையின் ஓட்டொடு வைத்துப் பார்க்கும் புதியவன் தந்தையும் மகனும் எனக் கருதுவான். உண்மையில் அவ்விருவர்க்கும் நேர் உறவு இல்லை. சூழ்நிலை வடிவத்தை மீட்டுத் தந்தது. குலத்தை மீட்டுத் தர அதனால் இயலவில்லை. பாஸ் பெக்கிங் கூறியது பாதி மெய் என்று யாம் துணிவது இதனால்.

அவ்விருளில் யார் தப்பினர் என்பதிலும் உறக்கத்திற்குப் பங்குண்டு எனக் கருதப்படுகின்றது. காக்கோலித்தோஃபோர்களுள் பத்தில் ஒன்பது பங்கு இனங்கள் மறைந்தன. வித்தாக உறங்கும் வழக்கமுடைய டயாட்டம், டைனோஃபிளாஜெலேட்டு முதலியவை அத்துணைக் கேட்டிற்கு உட்படவில்லை. கதிரவன் மறைந்த காலத்தை அவை அடிச்சேற்றில் உறங்கிக் கழித்திருத்தல் கூடும்.

நம் நிலத்தில் இக்கால எல்லை எவ்வாறு தோன்றுகின்றது என்பதையும் கூறவேண்டும். விண்கல் வீழ்வதற்குச் சிறிது முன்னரே கடல் அரியலூர்ப் பகுதியை விட்டுப் பின்வாங்கியது. கல்லமேடு என்னுமிடத்துப் பாறை ஆற்று மணலும் மண்ணுமாக இருக்கின்றது. டைனோசரின் எலும்புகள் கிடைப்பது அதில்தான். பின்னர்க் கடல் மீண்டு வந்து நின்றதன் அடையாளம் நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல். வந்த கடல் பழைய குடிகளைக் கொண்டு வரவில்லை. அம்மோனைட்டுக்கள் இல்லை, வேறோர் உலகம். அக்கல்லில் நிறைந்திருந்த பாசிகளை மைசூர் நாட்டுப் பேராசிரியர் எல். ராமராவும், வியன்னா நகரத்து யூலியஸ் பியாவும் ஆராய்ந்து 1936இல் நூல் வெளியிட்டனர். அவற்றுட் பல, ஒரே அணு உடம்பாகவே கண்ணுக்குத் தெரியும் அளவிற்கு வளரும் வியத்தகு பாசி வகையைச் சார்ந்தன. ஒன்றற்கு டிஸ்ஸோகிளாடெல்லா சாவித்திரியே எனவும், மற்றொன்றற்கு இண்டோபோலியா சத்தியவந்தி எனவும் பெயரிட்டனர். கணவனைக் கூற்றுவனிடமிருந்து மீட்ட சாவித்திரியும், மீண்ட சத்தியவானும், உலகப் பேரழிவிற்குப் பின் வந்த கடலின் உயிர்களுக்குப் பெயராக அமைந்தமை எத்துணைப் பொருத்தம்! அறிவியற் பெயர்கள் வறியன என்னும் எம் தோழர்க்கு இவ்விரண்டினையும் யாம் அடிக்கடி எடுத்துக் காட்டுவதுண்டு.

கடல் வந்ததும் போனதும் நம் நாட்டிற்கு மட்டும் உரிய நிகழ்ச்சியோ எனின், அன்று. காரைப் பகுதியின் படைகளையும் வடமேற்கு ஐரோப்பாவின் படைகளையும் ஒப்பிட்ட ஆராய்ச்சியொன்று 2002இல் வெளிவந்தது. இரு நாட்டிலும் கடல்மட்டம் ஒத்த முறையில் ஏறியும் இறங்கியும் இருந்தது. அவ்வேற்றிறக்கம் பூமி கதிரவனைச் சுற்றும் வழி மாறுபடும் 4 இலட்சம் ஆண்டு வட்டத்தொடு இயைந்தது என்று அதனைச் செய்தோர் கண்டனர். வான்கோள்களின் நடை காரைச் சேற்றில் எழுதப்பட்டுள்ளது என்னலாம்.

இவையெல்லாம் பழங்கதை, இன்று இவற்றால் ஆவதென் என வினவுவார்க்கு வங்கக் கடலைக் காட்டுகின்றோம். அரபிக் கடலிற் போலவே இங்கும் நடுவாழத்தில் பிராணவாயு குன்றிய அடுக்கு உண்டு. ஆனால் முற்றும் அற்றதன்று; கருவிகளால் அரிதில் அளக்கத்தக்க துளியளவு அதில் எஞ்சியிருக்கின்றது. நைட்ரேட்டினைச் சிதைத்து நைட்ரஜனைக் காற்றிற்கு விட்டுவிடும் பாக்டீரியாக்கள் அந்நீரில் முன்னரே குடியிருக்கின்றன. ஆயினும் அத்துளி வாயுவின் காரணமாக அவற்றின் தொழில் அடங்கிக் கிடக்கின்றது என்று 2017இல் வெளியான ஆராய்ச்சி தெரிவிக்கின்றது. அத்துளியும் போகுமாயின், புதிய உயிர் எங்கிருந்தும் வரவேண்டுவதில்லை. அடங்கியிருப்பன எழும். கடலில் பாசிக்கு உரமாவது நைட்ரேட்டு. அது குறையப் பாசி குறையும். பாசி குறைய மீன் குறையும். கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் வலை வீசுவோர் வாழ்வு, அவர் ஒருநாளும் காணாத அவ்விருள் நீரின் துளி வாயுவிற் பிணைந்துள்ளது. உலகம் வெம்மையுறுந்தோறும் கடல்நீர் தாங்கும் பிராணவாயு குறைவதும், ஆறுகள் வழியே வயலுரம் கடலிற் சேர்வதும் நாம் அறிந்தவையே. இத்தகைய வெம்மையும் உரமும் ஒருங்கு கூடியபொழுது நுண்ணுயிர்க் கூட்டம் எவ்வாறு மாறிற்று, எத்துணைக் காலம் கழித்து மீண்டது, மீளாதன யாவை என்பதற்கு நம்மிடம் உள்ள சான்றுகள் பழம்பாறைகளே. காரைக் களிமண் அவற்றுள் ஒன்று.

அச்சான்று அழிந்துவருதலையும் சொல்லாது விடுதல் கூடாது. அரியலூரைச் சூழச் சிமெண்டு ஆலைகள் பல உள. கல்லங்குறிச்சி முதலிய இடங்களின் சுண்ணாம்புக்கல், பண்டைக் கடலின் சிப்பிகளாலும் நுண்ணுயிர் ஓடுகளாலும் ஆகியது. அதுவே அவ்வாலைகளுக்கு உணவு. யாம் சிமெண்டினை வெறுக்கின்றேமல்லேம். அவ்வாலைகளால் உண்போர் பலர். சுரங்கம் வெட்டிய இடத்திலன்றோ நிலநூலாரும் பாறையின் உட்படைகளைத் தெளிவாகக் கண்டனர்! ஆயினும், வெட்டிய படை மீளாது. ஓலைச்சுவடிகள் செல்லுக்கும் ஆற்றுநீருக்கும் இரையானபொழுது உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராய்ச் சென்று தேடியதனை நாம் பாடமாகப் படிக்கின்றோம். இப்பாறைகளும் ஏடுகளே. ஒவ்வொரு படையினின்றும் ஒரு பிடி மண்ணையேனும் இடமும் ஆழமும் குறித்துப் புட்டியிலிட்டு வைத்தால், இனிவரும் நுண்ணிய கருவியுடையோர் அதிற் படித்துக்கொள்வர். அரியலூரை அடுத்த வாரணவாசியில் அரசினர் தொல்லுயிர்க் காட்சிசாலை அமைத்துள்ளனர். சாத்தனூர்க் கல்மரத்திற்கு வேலியிட்டுக் காக்கின்றனர். பெரியவற்றுக்கு இவ்வளவேனும் உண்டு. களிமண்ணுக்கும் அத்தகைய காவல் வேண்டும்.

காரைக்குச் செல்ல விரும்பும் மாணாக்கர்க்கு ஒன்று. பெரம்பலூரிலிருந்து தெற்கே செல்லும் பெருவழியினின்று கிழக்கே பிரிந்து சிறிது தொலைவு சென்றால், மரஞ்செடியற்று மடிப்பு மடிப்பாக அரித்த பழுப்புநிறப் பள்ளங்கள் தோன்றும். மழைக்காலத்தில் களி வழுக்கும். கோடையில் நிழல் கிடையாது. ஆதலின் தைத் திங்கள் காலைப்பொழுது ஏற்றது. தரையில் விரல்போன்று நீண்டு கூம்பிய கற்கள் கிடப்பின், அவை பெலம்னைட்டு என்னும் பண்டைக் கணவாயினத்தின் உட்கூடுகள். அவற்றைப் பொறுக்கிப் பையிலிடாது கிடந்தபடியே விட்டுவிட்டு, மழைநீர் அரித்த புதிய முகத்திலிருந்து தீப்பெட்டியளவு களிமண் மட்டும் எடுத்து வருக. கல்லூரி உயிர்நூற் கூடத்து நுண்ணோக்கி அதற்குப் போதும்.